நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை

இரண்டு நகரங்களுக்கு இடையே உள்ள தொலைவு என்றும் ஒரு தன்மையதே. காலால் நடப்பவனுக்கும், கப்பலில் செல்பவனுக்கும், வானில் பறப்பவனுக்கும் உலகம் தன் அளவைக் கூட்டிக்கொள்வதும் இல்லை, குறைத்துக்கொள்வதும் இல்லை. மாறுவது அத்தொலைவைக் கடப்பதற்கு ஆகும் காலமே. அமெரிக்காவின் பெருநகராகிய நியூயார்க்கிற்கும், பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 3,600 மைல். அஃதாவது 5,800 கிலோமீட்டர். இடையில் அலைவீசிக் கிடப்பது அட்லாண்டிக் பெருங்கடல். 1927ஆம் ஆண்டில் மிக விரைந்து சென்ற பயணக் கப்பல்களும் அக்கடலைக் கடக்க ஐந்தாறு நாள்களை எடுத்துக்கொண்டன. அவ்வாண்டு மே மாதத்தில் இருபத்தைந்து வயதே நிரம்பிய இளைஞர் ஒருவர், தன்னந்தனியராய், இடையில் எங்கும் இறங்காமல், 33½ மணி நேரத்தில் அவ்வழியைப் பறந்து கடந்தார். அவர்தாம் சார்லஸ் லிண்ட்பர்க். உலகம் அவருடைய துணிவைக் கண்டு வியந்தது. அத்துணிவைத் தாங்கி நின்றது பொறுமையோடு போட்ட கணக்கு என்பதை அவர் வரலாறு நமக்குக் காட்டும்.

இளமை

லிண்ட்பர்க் 1902ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் பிறந்தார். மினசோட்டா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த லிட்டில் பால்ஸ் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். தந்தையார் வழக்கறிஞர், பத்தாண்டுக் காலம் அமெரிக்க நாட்டுப் பேரவையில் உறுப்பினராகவும் விளங்கியவர். தாயார் பள்ளியில் வேதியியல் கற்பித்தவர். ஏட்டுப் படிப்பில் சிறுவர்க்கு நாட்டம் மிகுதியாக இல்லை. ஆயினும் பொறிகளைப் பிரித்துப் பார்ப்பதிலும், மீண்டும் பூட்டி ஓட்டுவதிலும் அவர்க்குச் சலிப்பே உண்டானதில்லை. பதினொரு வயதிலேயே வீட்டுக் காரை ஓட்டக் கற்றார். பின்னர்ப் பண்ணையின் பொறுப்பையும் தாமே ஏற்று நடத்தினார்.

பொறியியல் கற்பதற்காக விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால் அவர் உள்ளமோ வானத்தை நாடியது. 1922ஆம் ஆண்டில் படிப்பை இடையில் நிறுத்தி, நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகருக்குச் சென்று விமானம் ஓட்டும் பயிற்சியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டில் படையினர் கழித்த பழைய விமானம் ஒன்றை 500 டாலருக்கு விலைக்கு வாங்கினார். அதனை ஊர் ஊராக ஓட்டிச் சென்று, புல்வெளிகளில் இறங்கி, மக்களை ஏற்றிப் பறந்து காட்டி, அதில் வந்த சிறு வருவாயில் வாழ்ந்தார். விமானத்தை இயக்கும் திறம் கைவந்தது. எனினும் முறையான கல்வி இல்லாத குறையை அவர் உணர்ந்தார். ஆதலின் 1924ஆம் ஆண்டில் படையின் விமானப் பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்தார். அவருடன் நூறு பேருக்கு மேல் சேர்ந்தனர். ஓராண்டுக் கடும் பயிற்சியின் முடிவில் தேறியவர் இருபதின்மர்கூட இல்லை. அச்சிலருள் முதல்வராக நின்றவர் லிண்ட்பர்க். கல்லூரியில் கருத்தின்றிப் படித்த அவரே, தமக்கு வேண்டிய கல்வி எதுவென்று தெளிந்தபின் எல்லாரையும் முந்தினார்.

அஞ்சல் விமானி

1926ஆம் ஆண்டில் செயின்ட் லூயி நகருக்கும் சிகாகோ நகருக்கும் இடையே அஞ்சல் விமானம் ஓட்டும் பணியில் அவர் அமர்ந்தார். அக்காலத்து விமானிக்கு வழிகாட்டும் வானொலி இல்லை. ஓடுபாதைகளில் போதிய விளக்குகளும் இல்லை. மூடுபனியானாலும் பனிமழையானாலும் கடிதப் பைகள் குறித்த நேரத்தில் சென்று சேரவேண்டும். அவ்வாண்டின் பிற்பகுதியில் இரண்டு முறை இறங்க இடம் காணாமல், எரிபொருளும் தீர்ந்துபோக, விமானத்தை விட்டுப் பாராசூட்டின் துணையால் இருளில் குதித்து அவர் உயிர் தப்பினார். தப்பியவர் தம் நலத்தைப் பாராமல், விழுந்து கிடந்த விமானத்தைத் தேடிச் சென்று, கடிதப் பைகளை மீட்டு, அவை மேற்செல்ல ஏற்பாடு செய்தார். பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைத் தம் உயிரினும் சிறிதாக அவர் எண்ணவில்லை. பெருஞ்செயலுக்கு வேண்டிய பண்பு இத்தகைய சிறு கடமைகளிலேதான் உருவாகின்றது.

பரிசும் பலியும்

நியூயார்க் நகரில் உணவு விடுதி நடத்திப் பெருஞ்செல்வராயிருந்த ரேமான் ஓர்த்தேக் என்பவர் பிரான்சு நாட்டிற் பிறந்தவர். பிறந்த நாட்டையும் புகுந்த நாட்டையும் வான்வழியால் இணைக்க வேண்டும் என்னும் விருப்பத்தால், நியூயார்க்கிற்கும் பாரிசுக்கும் இடையே இறங்காமல் பறப்பவர்க்கு 25,000 டாலர் பரிசு தருவதாக 1919ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். அவ்வாண்டிலேயே ஆல்காக், பிரௌன் என்னும் ஆங்கிலேய வீரர் இருவர் நியூபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்குப் பறந்து அட்லாண்டிக் கடலைக் கடந்தனர். ஆதலின் அக்கடலை விமானத்தில் முதன்முதல் கடந்தவர் லிண்ட்பர்க் என்று சிலர் கூறுவது பொருந்தாது. ஆனால் அவ்விருவரும் கடந்த தொலைவு ஏறத்தாழ 1,900 மைல். ஓர்த்தேக் குறித்த தொலைவோ அதனினும் இருமடங்கை நெருங்குவது.

அப்பரிசை நாடியவர் பலர். புகழ்மிக்க பிரெஞ்சு வீரர் ரெனே போங்க் என்பவர் 1926ஆம் ஆண்டு செப்டம்பரில் மூன்று எஞ்சின்கள் பூட்டிய பெரிய விமானத்தில் நால்வராய்ப் புறப்பட்டார். சுமை மிகுந்த அவ்விமானம் தரையைவிட்டு எழாமல் ஓடுபாதையின் கோடியில் வீழ்ந்து எரிந்தது, இருவர் மாண்டனர். 1927 ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படையினர் இருவர் வெள்ளோட்டத்திலேயே உயிர் நீத்தனர். மே மாதம் 8ஆம் நாள் நான்ஜெஸ்ஸர், கோலி என்னும் பிரெஞ்சு வீரர் இருவர் பாரிசிலிருந்து நியூயார்க்கை நோக்கிப் புறப்பட்டனர். அவர்கள் என்ன ஆயினர் என்பதை இன்றளவும் எவரும் உறுதியாகக் கண்டறியவில்லை.

இத்துன்பங்களை லிண்ட்பர்க் ஆராய்ந்து பார்த்தார். மற்றவர் பல எஞ்சின்களையும், பல விமானிகளையும், பல கருவிகளையும் நம்பினர். அவை பாதுகாப்பிற்காக ஏற்றப்பட்டவை. ஆனால் அவற்றின் சுமையே அழிவிற்குக் காரணமாயிற்று. சுமையைக் குறைத்து, அவ்விடத்தில் எரிபொருளை நிரப்பினால் ஒரே எஞ்சினுடன் ஒருவரே பாரிசை அடையலாம் என்று அவர் முடிவு செய்தார். தாம் சேர்த்து வைத்திருந்த 2,000 டாலரை முதலில் வைத்தார். செயின்ட் லூயி நகரத்து வணிகர் சிலர் அவர்மீது நம்பிக்கை கொண்டு எஞ்சிய பொருளை உதவினர். அந்நன்றியை மறவாத அவர், தம் விமானத்திற்கு அந்நகரின் பெயரையே சூட்டினார். ‘செயின்ட் லூயியின் ஆன்மா’ என்பது அப்பெயரின் பொருள்.

நூலால் அளந்த தொலைவு

கலிபோர்னியா மாநிலத்துச் சான் டியேகோ நகரில் ரையன் என்னும் சிறிய நிறுவனம் அவ்விமானத்தைக் கட்ட முன்வந்தது. டொனால்ட் ஹால் என்பவர் அதன் பொறியாளர். எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதே அவர் எழுப்பிய முதல் வினா. தொலைவு தெரியாமல் இவ்வினாவிற்கு விடை கூற இயலாது. ஆகவே இருவரும் அந்நகரத்துப் பொது நூலகத்திற்குச் சென்றனர். அங்கிருந்த பூகோள உருண்டையின்மீது ஒரு நூலை எடுத்து நியூயார்க்கில் ஒரு முனையையும் பாரிசில் மறு முனையையும் வைத்து இழுத்துப் பிடித்து அளந்தனர். நூல் காட்டிய அளவு 3,600 மைல்.

சுவரில் தொங்கும் தேசப்படத்தில் அளவுகோலை வைத்து அளந்தால் ஆகாதோ என்று கேட்கலாம். உலகம் உருண்டை; படமோ தட்டை. தட்டையான படத்தில் நேராகத் தோன்றும் வழி, உருண்டையான உலகின்மேல் குறுகிய வழியன்று. உருண்டையின்மேல் நூலை இறுக்கிப் பிடித்தால், அது தானாகவே மிகக் குறுகிய வழியில் படியும். நியூயார்க்கினின்றும் பாரிசுக்கு அவ்வாறு படியும் நூல், நேர் கிழக்காகச் செல்லாமல் வடக்கு நோக்கி வளைந்து ஏறி, நியூபவுண்ட்லாந்தை அடுத்துச் சென்று, அயர்லாந்தின் தென்கோடியைத் தொட்டு, பின்னர்த் தெற்கே இறங்கும். இவ்வழியைப் பெருவட்ட வழி என்பர். பள்ளியில் உள்ள பூகோள உருண்டையில் மாணவர் எவரும் இதனைச் செய்து பார்த்து உண்மை தெளியலாம்.

நூலால் அளந்ததோடு லிண்ட்பர்க் அமையவில்லை. கடற்பயணப் படங்களை வாங்கி, அப்பெருவட்ட வழியை நூறு நூறு மைல்களாகப் பகுத்தார். மணிக்கு நூறு மைல் பறந்தால் ஒவ்வொரு பகுதியும் ஒரு மணி நேரத்திற்கு உரியது. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் திசைகாட்டியின் முள் எவ்வளவு திரும்பியிருக்க வேண்டும் என்பதைக் கணித்து எழுதி வைத்தார். இங்ஙனம், கடலின்மேல் வழியே இல்லாத இடத்தில், வழி ஒன்றைத் தாளின்மேல் அவர் முன்னரே அமைத்துவிட்டார்.

விமானத்தின் அமைப்பு

விமானம் இரண்டே மாதங்களில் உருவாயிற்று. அதன் இறக்கையின் அகலம் 46 அடி. எஞ்சினின் ஆற்றல் 223 குதிரைத்திறன். பெட்ரோல் தொட்டிகளின் கொள்ளளவு 450 காலன், அஃதாவது ஏறத்தாழ 1,700 லிட்டர். புறப்படும்போது விமானத்தின் மொத்த எடை 5,000 பவுண்டுக்கு மேற்பட்டது. அதில் பாதிக்கு மேல் பெட்ரோலின் எடையே. பெருந்தொட்டி விமானியின் இருக்கைக்கு முன்னே வைக்கப்பட்டது. விமானம் வீழ்ந்தால் எஞ்சினுக்கும் தொட்டிக்கும் இடையில் அகப்பட்டு நசுங்காமல் இருப்பதற்காகவே லிண்ட்பர்க் அவ்வாறு அமைக்கச் செய்தார். அதனால் முன்புறத்தை நேராகக் காணும் வழி அடைபட்டது. பக்கச் சாளரங்களின் வழியாகவும், சிறிய மறைநோக்கி ஒன்றின் வழியாகவுமே அவர் வெளியே காணவேண்டியிருந்தது.

எடையைக் குறைப்பதில் அவர் காட்டிய கண்டிப்பு பெரிது. வானொலிக் கருவியை வேண்டாவென்றார். பாராசூட்டையும் விலக்கினார். இருக்கையாகப் பிரம்பு நாற்காலியை வைத்தார். தேசப்படத்தின் வேண்டாத ஓரங்களைக்கூட வெட்டி எறிந்தார். வேண்டியதை எல்லாம் ஏற்றிக்கொண்டு வழியில் தவிப்பதைவிட, வேண்டாததை எல்லாம் விலக்கிவிட்டுச் சென்று சேர்வதே சிறந்தது என்பது அவர் கொள்கை. மே மாதம் சான் டியேகோவிலிருந்து புறப்பட்டு, செயின்ட் லூயியில் மட்டும் தங்கி, 12ஆம் நாள் நியூயார்க்கை அடைந்தார். அமெரிக்க நாட்டின் குறுக்கே அவர் பறந்த நேரம் 22 மணிக்கும் குறைவு. அதுவே அக்காலத்தில் ஓர் அருஞ்செயலாகப் போற்றப்பட்டது.

கடலின்மேல் ஓர் இரவு

நியூயார்க்கில் மழையும் மூடுபனியும் ஒரு வாரத்திற்கு அவரைத் தடுத்து நிறுத்தின. மே 19ஆம் நாள் மாலை, கடலின்மேல் வானம் தெளியத் தொடங்கியது என்னும் செய்தி கிடைத்தது. உடனே புறப்பாட்டிற்கு வேண்டியவற்றைச் செய்தார். அன்றிரவு அவர் கண்கள் உறக்கம் கொள்ளவில்லை. மறுநாள் காலை 7 மணி 52 நிமிடத்திற்கு, சேறு நிறைந்த ரூஸ்வெல்ட் திடலில் விமானம் உருண்டோடியது. பெருஞ்சுமையால் சக்கரங்கள் சேற்றில் அழுந்தின. ஓடுபாதை முடியும் தறுவாயில் மெல்ல எழுந்து, எதிரே சென்ற தொலைபேசிக் கம்பிகளை இருபது அடி உயரத்தில் தாண்டிச் சென்றது. போங்க் வீழ்ந்த திடலும் அதுவே. கூடியிருந்தோர் பெருமூச்சு விட்டனர்.

அன்று மாலை நியூபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரின்மேல் அவர் தாழப் பறந்து சென்றதை மக்கள் கண்டனர். அதன்பின் ஏறத்தாழ 16 மணி நேரம், முன்னும் பின்னும் கடலன்றி வேறில்லை. இரவு சூழ்ந்தது. முகிற்கூட்டத்துள் புகுந்தபோது இறக்கைகளின்மேல் பனிக்கட்டி படியக் கண்டார். பனிக்கட்டி மிகுந்தால் விமானம் எடை தாங்காமல் வீழும். ஆதலின் திரும்பி, முகில்களைச் சுற்றிச் சென்றார். திசைகாட்டிகளின் முட்களும் ஒரு சமயம் தடுமாறின. விண்மீன்களைத் துணையாகக் கொண்டு தம் போக்கை நிலைநிறுத்தினார்.

ஆனால் பனியினும் இருளினும் கொடிய பகை ஒன்று உள்ளிருந்தே அவரைத் தாக்கியது. அதுவே உறக்கம். புறப்படுவதற்கு முந்திய இரவும் துயிலாதவர் இரண்டாம் இரவையும் விழித்திருந்து கழிக்கவேண்டியவரானார். கண்ணிமைகள் தாமே மூடின. கண் திறந்திருக்கும்போதே அறிவு மயங்கியது. தமக்குப் பின்னால் சில உருவங்கள் அமர்ந்து தம்மோடு உரையாடுவன போலவும் தோற்றம் உண்டாயிற்று. விமானத்தில் ஒரு குறை இருந்தது. கையை விட்டால் அது நிலையாகப் பறவாமல் ஒருபுறம் சாயும். விமானி சற்றே அயர்ந்தாலும் அச்சாய்வு அவரை விழிக்கச் செய்தது. குறை என்று எண்ணியதே அன்றிரவு அவர்க்குக் காவலாயிற்று. குளிர்ந்த காற்று முகத்தில் அறைவதற்காகச் சாளரங்களை மூடாமல் விட்டார். அலைகளின் நுரை தெரியும் அளவிற்குச் சில வேளைகளில் தாழப் பறந்தார். ஒவ்வொரு மணி நேரம் கழிந்தபோதும், எழுதி வைத்த கணக்கின்படி திசையை மாற்றிக்கொண்டார். உள்ளம் சோர்ந்த வேளையில் உண்மையான துணையாய் நின்றது, முன்னர்த் தெளிந்த அறிவோடு போட்டுவைத்த அக்கணக்கே.

பொழுது புலர்ந்து நெடுநேரம் சென்றபின் கடலில் சிறு மீன்பிடி படகுகள் தென்பட்டன. நிலம் அணிமையில் உள்ளது என்பதற்கு அவை சான்றாயின. அவர் தாழ இறங்கி வட்டமிட்டு, அயர்லாந்து எத்திசையில் உள்ளது என்று உரக்க வினவினார், விடை கிடைக்கவில்லை. மேலும் ஒரு மணி நேரம் பறந்தபின் பசுமையான மலைகள் தோன்றின. தேசப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அஃது அயர்லாந்தின் டிங்கிள் விரிகுடா. அவர் வகுத்த வழியினின்றும் விலகியிருந்த தொலைவு மூன்று மைல் அளவே. அவர் கணக்கிட்ட நேரத்திற்கு இரண்டு மணிக்கு மேல் முந்தியும் வந்திருந்தார். நூலக உருண்டையின்மேல் நூல் படிந்த இடத்தில், அவருடைய விமானமும் வந்து நின்றது.

பாரிசில்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியையும், ஆங்கிலக் கால்வாயையும் கடந்து பிரான்சை அடைந்தபோது கதிரவன் மறைந்தான். பாரிசின் விளக்கொளி தோன்றியது. ஈபிள் கோபுரத்தைச் சுற்றி வந்து, நகருக்கு வடகிழக்கே உள்ள லெ பூர்ஜே விமானத் திடலில் மே 21ஆம் நாள் இரவு 10 மணி 22 நிமிடத்திற்கு அவர் இறங்கினார். வேலிகளைத் தகர்த்துக்கொண்டு நூறாயிரத்திற்கு மேற்பட்ட மக்கள் அவரை நோக்கி ஓடிவந்தனர். தொட்டிகளில் 85 காலன் பெட்ரோல் எஞ்சியிருந்தது. அதைக்கொண்டு மேலும் பல நூறு மைல் அவர் பறந்திருக்கக் கூடும்.

இப்பயணத்தின் கால அளவைக் கணக்கிடும்போது ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். 20ஆம் நாள் காலை 7 மணி 52 நிமிடத்திலிருந்து 21ஆம் நாள் இரவு 10 மணி 22 நிமிடம் வரையில் எண்ணினால் 38½ மணி நேரம் ஆகிறது. ஆனால் புறப்பட்ட நேரம் நியூயார்க்கின் கடிகாரம் காட்டியது. சேர்ந்த நேரம் பாரிசின் கடிகாரம் காட்டியது. கிழக்கே உள்ள பாரிசின் கடிகாரம் அன்று நியூயார்க்கின் கடிகாரத்தைவிட 5 மணி முன்னால் இருந்தது. அந்த ஐந்தையும் கழித்தால் எஞ்சுவது 33½ மணி. இதுவே உண்மையான பயண நேரம். சராசரி வேகம் மணிக்கு 108 மைலை ஒட்டியது.

புகழும் துயரும்

ஒரே இரவில் லிண்ட்பர்க் உலகறிந்தவரானார். அமெரிக்க நாடு போர்க்கப்பல் ஒன்றை அனுப்பி அவரை அழைத்துக்கொண்டது. பல பரிசில்களும் பதக்கங்களும் அவரை நாடி வந்தன. அவர் அதே விமானத்தில் மூன்று மாதக் காலம் அமெரிக்காவின் 48 மாநிலங்களுக்கும் சென்று, எண்பதுக்கு மேற்பட்ட நகரங்களில் இறங்கினார். குறித்த நேரத்திற்குக் குறித்த நகரை அடைவதில் ஒரே ஒரு முறைதான் அவர் தவறினார். விமானம் வேடிக்கைப் பொருளன்று, நம்பிச் செல்லத்தக்க ஊர்தி என்பதை மக்கள் அறிந்தனர்.

1929ஆம் ஆண்டில் ஆன் மாரோ என்னும் அம்மையாரை மணந்தார். அம்மையாரும் விமானம் ஓட்டவும் வானொலியை இயக்கவும் பயின்று, கணவருடன் வட கடல்களையும் கடந்து ஜப்பான், சீனம் முதலிய நாடுகளுக்குப் பறந்தார். ஆனால் புகழ் அவர்தம் இல்லத்திற்குக் காவலாக அமையவில்லை. 1932ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் இரவில், இருபது திங்களே நிரம்பிய அவர்களுடைய முதல் குழந்தையைக் கொடியோர் கவர்ந்து சென்றனர். பத்து வாரங்களுக்குப்பின் குழந்தையின் உடலே கிடைத்தது. வழக்கு முடிந்த பின்னரும் செய்தியாளர் கூட்டம் அவர்களைச் சூழ்ந்து நின்றது. அதைத் தாங்கமாட்டாமல் 1935ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கள் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தனர். அவ்வாண்டுகளில் அலெக்சிஸ் காரெல் என்னும் மருத்துவ அறிஞரோடு சேர்ந்து, உடலினின்றும் எடுத்த உறுப்புகளைக் கெடாமல் உயிர்ப்போடு வைத்துக் காக்கும் கருவி ஒன்றை லிண்ட்பர்க் ஆக்கினார்.

தவறிய திசை

வானில் திசை தவறாத வீரர் அரசியலில் திசை தவறினார். ஜெர்மனியின் விமானப் படையைக் கண்டு மயங்கிய அவர், 1938ஆம் ஆண்டில் அந்நாட்டு நாஜி அரசு அளித்த பதக்கத்தை ஏற்றார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா சேரலாகாது என்று நாடெங்கும் சென்று பேசினார். போரை வெறுப்பது குற்றமன்று. ஆனால் 1941 செப்டம்பரில் பேசிய பேச்சு ஒன்றில், நாட்டைப் போருக்கு இழுப்பவர்களுள் யூத மக்களும் உளர் என்று பழி கூறினார். கொடுமைக்கு ஆளாகி வருந்திய ஓர் இனத்தார்மேல் சுமத்திய அப்பழி நீதியன்று. அவரைப் போற்றிய நாவுகளே அவரைத் தூற்றின. தெருக்களுக்கு இட்ட அவர் பெயரும் சில இடங்களில் நீக்கப்பட்டது. ஒரு துறையில் பெற்ற வெற்றி மற்றொரு துறையில் தெளிவைத் தாராது. புகழ்பெற்றவர் கூறியது என்பதனால் மட்டுமே ஒரு சொல் உண்மையாகிவிடுவதும் இல்லை.

போர் மூண்டபின் படையில் சேர அவர் வேண்டினார், அரசு ஏற்கவில்லை. எனினும் 1944ஆம் ஆண்டில் குடிமகனாகவே பசிபிக் கடற்பகுதிக்குச் சென்று, ஏறத்தாழ ஐம்பது முறை போர்ப் பறப்புகளில் ஈடுபட்டார். எஞ்சினின் சுழற்சியைக் குறைத்து, குறைந்த பெட்ரோலில் நெடுந்தொலைவு செல்லும் முறையை அங்கிருந்த இளம் விமானிகளுக்குக் கற்பித்தார். அட்லாண்டிக் கடலின்மேல் தாம் கற்ற சிக்கனப் பாடம் பலர் பத்திரமாகத் திரும்பி வருவதற்குப் பயன்பட்டது.

இறுதிக் காலம்

தம் பாரிஸ் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1954ஆம் ஆண்டில் புலிட்சர் பரிசு பெற்றது. முதுமையில் அவர் நெஞ்சம் வேறொன்றில் ஈடுபட்டது. விமானங்கள் செல்லாத இடமே இல்லையாகிவிட்ட உலகில், காடுகளும் விலங்குகளும் அழிந்து வருவதைக் கண்டு அவர் வருந்தினார். திமிங்கிலங்களைக் காக்கவும், அருகிவரும் உயிரினங்களைப் பேணவும் நாடு நாடாகச் சென்று உழைத்தார். ஒலியினும் விரைந்து செல்லும் பயணிகள் விமானங்களால் வரும் கேட்டைவிட நன்மை பெரிதன்று என்று கருதி அவற்றை எதிர்த்தார். விரைவையே நாடி இளமையைக் கழித்தவர், விரைவிற்கும் ஓர் எல்லை வேண்டும் என்று முதுமையில் உணர்ந்தார். 1974ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள், ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த மௌயி என்னும் தீவில் தம் எழுபத்திரண்டாம் வயதில் உயிர் நீத்தார்.

அவர் வகுத்த வழி இன்று பொதுவழியாகிவிட்டது. 1958 அக்டோபரில் ஜெட் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு, நியூபவுண்ட்லாந்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, ஒன்பது மணி நேரத்திற்குள் பாரிசை அடைந்தது. 1977 முதல் 2003 வரை பறந்த கான்கார்டு விமானம் ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்திலேயே அத்தொலைவைக் கடந்தது. அவ்விமானங்கள் நின்றபின், இக்காலத்துப் பயணிகள் விமானங்கள் பாரிசை அடைய ஏழு மணி நேரத்தை ஒட்டி எடுத்துக்கொள்கின்றன. மேலைக்காற்று பின்னின்று தள்ளுவதால் கிழக்கே செல்வது விரைவு. எதிர்க்காற்றில் மேற்கே திரும்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிகுதியாகும்.

செயின்ட் லூயியின் பெயர் தாங்கிய அச்சிறு விமானம் 1928ஆம் ஆண்டு முதல் வாஷிங்டன் நகரத்து அருங்காட்சியகத்தின் உடைமையாக விளங்குகிறது. அதனுள் பிரம்பு நாற்காலி ஒன்றுதான் உண்டு. அதில் அமர்ந்தவர் மனிதர்க்கு இயல்பான குறைகள் உடையவரே. ஆயினும் செல்ல வேண்டிய தொலைவை முதலில் அளந்தறிதல், வேண்டாச் சுமையை விலக்குதல், முன்னரே கணக்கிட்டு வைத்தல், முடிவுவரை விழித்திருத்தல் ஆகிய நான்கினாலும் எட்டாத தொலைவு எட்டும் என்பதை அவர் மெய்ப்பித்தார். அந்நான்கையும் வானத்தில் கைக்கொண்டபோது அவர் வென்றார். வாழ்வில் அவற்றை நெகிழவிட்டபோது இடறினார். வாழ்க்கை என்னும் நெடும்பயணத்தை இப்போதுதான் தொடங்கியுள்ள மாணவர் அவ்விரண்டையும் ஒருங்கே உளங்கொள்ளுதல் நலம்.